மழைக்குள் ஒரு செருமல்

புதுச் சட்டையைப் பழசாக்குவதுதான் அந்தத் தையல்காரியின் தொழில். கேட்பவர்கள் முதலில் சிரிப்பார்கள். சினிமாவில் கதாநாயகன் ஏழையாக நடிக்க வேண்டுமென்றால் அவனுக்கு ஏழையின் சட்டை வேண்டும். நிஜமான ஏழையின் சட்டையை வாங்கிப் போட்டுக்கொள்ள எந்தக் கதாநாயகன் சம்மதிப்பான்? ஆகவே கடையிலிருந்து ஒரே மாதிரி ஐந்தாறு புதுச் சட்டைகள் வந்து இறங்கும். காலரைக் கல்லில் தேய்த்து, துணியைத் தேயிலைத் தண்ணீரில் ஊறப்போட்டு, முழங்கை மடியும் இடத்தில் நூலைப் பிரித்துக் கிழித்து, அந்தக் கிழிசலுக்குப் பாந்தமாக ஒரு ஒட்டும் போடுவாள். எல்லாச் சட்டையிலும் கிழிசல் அச்சு அசலாக ஒரே இடத்தில் இருக்க வேண்டும். "இங்க வறுமையைக்கூட அளவு எடுத்துத்தான் தைக்கணும்" என்பார் அந்தத் தையல் கூடத்தின் கட்டிங் மாஸ்டர்.

அவள் வீட்டில் ஒட்டுப்போட்ட சட்டைகள் தாமாகவே உண்டாயின. அவற்றை உடுத்தியவர் அவள் கணவர். அவரும் சினிமாக்காரர்தான். ஆனால் அவர் எடுத்த படங்களில் சண்டை கிடையாது, பாட்டு கிடையாது, பல படங்களில் ஆளே கிடையாது. மொட்டை மாடியில் ஒரு நாற்காலியைப் போட்டு, மழை தொடங்கியதிலிருந்து விடும் வரை அது நனைவதையே ஒரு படமாக எடுத்தார். அன்றிலிருந்து தெருவில் அவருக்கு மழைக்காரர் என்று பெயர் நிலைத்துவிட்டது. அந்தப் படத்தை ஒரு வாடகைக் கூடத்தில் திரையிட்டபோது, விளக்குப் போட்டதும் மிஞ்சியிருந்தவர்களில் பாதிப்பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். "அவங்களையும் சேர்த்துக்கோ. மனசு நிம்மதியா இருந்தாத்தானே தூக்கம் வரும்" என்று மனைவியிடம் சொன்னார். அவர் மனம் கோணாத மனிதர். அதுதான் அவளுக்குப் பிடித்தது, அதுதான் அவளுக்கு எரிச்சலும்கூட.

காட்சி முடிந்ததும் மற்றவர்கள் 'கட்' என்று கத்துவார்களே, அந்தப் பழக்கம் அவருக்கு இல்லை. தொண்டையை இரண்டு தடவை செருமிவிட்டு, "போதும்" என்பார். அதையும் யாருக்கோ தூக்கம் கலைந்துவிடப்போகிறது என்பதுபோல மெல்லத்தான் சொல்வார். நாற்காலியிடம் சொன்னாரோ மழையிடம் சொன்னாரோ, தெரியாது. அதைப் படத்திலிருந்து வெட்டவும் மாட்டார். ஒவ்வொரு படத்திலும் கடைசியில் அந்தச் செருமலும் அந்தப் 'போதும்' என்ற சொல்லும் இருக்கும்.

"அதை எடுத்துட்டா என்னங்க? நல்லா வந்துட்டிருக்கும்போது யாரோ இருமுற மாதிரி இருக்கு" என்று அவளே ஒருமுறை கேட்டாள்.

"எடுத்துட்டா மழை தானா பெஞ்சு தானா நின்ன மாதிரி ஆயிடும். ஒருத்தன் நனைஞ்சுக்கிட்டே நின்னு கேட்டான்னு தெரிய வேண்டாமா?"

நனைந்துகொண்டு நின்றது அவர் மட்டுமல்ல. அந்த மழை நாளில் குடையைப் பிடித்தபடி அவளும் பக்கத்தில் நின்றாள். குடை அவருக்கும் இல்லை, அவளுக்கும் இல்லை, ஒலிப்பதிவுக் கருவிக்கு. வீட்டிலேயே விலை கூடிய பொருள் அதுதான். அன்று இருவருக்கும் ஜலதோஷம் பிடித்தது. கருவிக்கு ஒன்றும் ஆகவில்லை.

அந்த வாடகைக் கூடத்தில் கடைசிவரை கண் கொட்டாமல் படத்தைப் பார்த்தவன் ஒருவன் உண்டு. வாய்ப்புத் தேடி அலைந்துகொண்டிருந்த இளைஞன். படம் முடிந்ததும் கண் கலங்க வந்து மழைக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டான். அதற்குப் பிறகு அவர்கள் வீட்டில் ஒரு தட்டு அவனுக்கென்றே ஆயிற்று. அவரை அண்ணன் என்றான், அவளை அண்ணி என்றான். அவள் கைச் சாப்பாட்டை நாக்கைச் சப்புக்கொட்டிக்கொண்டு தின்றான். அண்ணனும் தம்பியும் தரையில் படுத்துக்கொண்டு விட்டத்தைப் பார்த்தபடி சினிமா பேசுவார்கள். பசி தெரியாமல் பேசுவது எப்படி என்று அந்த இரண்டு பேரிடம்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

அந்தத் தம்பிதான் பிறகு பெரிய இயக்குநர் ஆனான். பெரிய என்றால் சாதாரணப் பெரிசு இல்லை. அவன் படம் வெளிவரும் நாளில் தெருவையே அடைத்துவிடுவார்கள். முதல் வெற்றிப் படத்திலேயே மொட்டை மாடியும் மழையும் வெறும் நாற்காலியும் இருந்தன. ஒரே வித்தியாசம், அந்த நாற்காலியைச் சுற்றி நூறு பேர் ஆடினார்கள். அடுத்த படத்தில், மழைக்காரர் ஒரு குழாயடியில் பல மாதம் உட்கார்ந்து எடுத்த சொட்டு நீர் வந்தது. அதற்கடுத்ததில், பின்னால் இருந்தே ஒரு பெண் நடந்துபோவதை வெட்டாமல் எடுத்த நீளமான காட்சி வந்தது. மழைக்காரர் படத்தில் நடந்தவள் இந்தத் தையல்காரி. அங்கே நடந்தவள் ஊரே கொண்டாடும் நடிகை. பத்திரிகைகள் புதுமை என்று எழுதித் தீர்த்தன. "எங்கேயிருந்து இதெல்லாம் தோணுது?" என்று பேட்டியில் கேட்டால், "உள்ளேயிருந்து வருது" என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டுவார் இயக்குநர். உள்ளே போனதுதானே வெளியே வரும்? அண்ணி போட்ட சாப்பாடும் அதே வழியாகத்தான் உள்ளே போனது.

அவளுக்கு வயிறு எரியும். கணவரோ சிரிப்பார். "எடுத்துக்கட்டும் விடு. என் படத்தைப் பார்க்க ஆள் இல்ல. அவன் வழியாவாவது நாலு பேர் பார்க்கட்டும்."

"பேரைச் சொல்லலாம்ல? உங்க பேரைச் சொன்னா அவர் வாய் சுளுக்கிக்குமா?"

"சொல்ல மறந்திருப்பான்."

அவளாலும் வாய்விட்டுக் கேட்க முடியாது. தையல் கூடத்தில் அவளுக்கு வேலை வாங்கிக் கொடுத்ததே அந்த இயக்குநர்தான். வீட்டில் அடுப்பு எரிவது அவன் படங்களின் கதாநாயகர்களுடைய சட்டையைக் கிழித்துத்தான். அதனால் கோபத்தை வாய்க்குள்ளேயே மென்று விழுங்கப் பழகிக்கொண்டாள்.

ஒருமுறை இயக்குநர் அலுவலகத்திலிருந்து ஆள் வந்து, அண்ணனுடைய மழைச் சத்தம் ஒன்று மாதிரிக்கு வேண்டும் என்றான். மழைக்காரர் தன் வாழ்நாள் வேலை முழுவதும் இருந்த கறுப்பு ஹார்ட் டிஸ்க்கையே தூக்கிக் கொடுத்துவிட்டார். ஒன்றை மட்டும் பிரித்துக் கொடுக்கத் தோன்றவில்லை. தோன்றினாலும் செய்திருக்க மாட்டார். பல வாரம் கழித்து அது திரும்பி வந்தது. எந்தக் கணினியில் சொருகினாலும் திறக்கவில்லை. எங்கேயோ கீழே விழுந்திருக்கும்போல என்றார்கள். பழுது பார்க்கும் கடைக்காரர் காதில் வைத்து ஆட்டிப் பார்த்துவிட்டுக் கையை விரித்தார். அன்றுதான் முதல்முறையாக அவர் இரண்டு வேளை சாப்பிடாமல் இருந்ததை அவள் பார்த்தாள். மூன்றாம் வேளை சாப்பிட்டுவிட்டு, "மழை மறுபடி பெய்யாமலா போயிடும்" என்றார். மழை பெய்தது. அவருக்குத்தான் நேரம் இல்லாமல் போனது. ஒரு காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே சுவரோரம் உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு என்றார்கள்.

இயக்குநர் வந்தார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு நிஜமாகவே தேம்பினார். அவர் அழுகையைப் பொய் என்று சொல்ல முடியாது. பத்து நிமிடத்தில் கிளம்பிப் போனார், அதையும் சொல்லாமல் இருக்க முடியாது.

துக்கம் கொஞ்சம் அடங்கிய பிறகுதான் அவளுக்கு ஒன்று உறைத்தது. கணவருடைய குரல் வீட்டில் எங்குமே இல்லை. எப்போதும் கேமராவுக்குப் பின்னால் நின்றவர், சொந்தக்காரர் வீட்டு விசேஷத்தில்கூட அப்படித்தான். அவர் எடுத்துக் கொடுத்த வீடியோக்களைத் தேடித் தேடி வாங்கிப் பார்த்தாள். எல்லாவற்றிலும் யாரோ பாட்டைப் போட்டுச் சத்தத்தை மூடியிருந்தார்கள். அவர் வைத்திருந்தது பொத்தான் போன். அதில் எண்களைத் தவிர எதுவும் இல்லை. மருந்துக் கடையில் வேலை பார்க்கும் மகள், "அப்பா எப்படிப் பேசுவாருன்னு கண்ணை மூடினா எனக்கு வரவே மாட்டேங்குதும்மா. வாய் மட்டும் அசையுது" என்று ஒருநாள் சொல்லிவிட்டு அழுதாள். தாய்க்கு அது அவர் இறந்ததைவிடக் கொடுமையாக இருந்தது. கொஞ்சம் கொஞ்சமாக அவளுக்கும் அப்படித்தான் ஆகிக்கொண்டிருந்தது. மகளிடம் அதைச் சொல்லவில்லை.

மறு வருடம் இயக்குநரின் புதுப்படம் வந்தது. கதாநாயகனின் ஒட்டுச் சட்டை அவள் கைவேலை என்பதால், தாயும் மகளும் பகல் காட்சிக்குப் போனார்கள். இடைவேளைக்குப் பிறகு கதாநாயகனின் அம்மா இறந்துபோகிறாள். அவள் உட்கார்ந்திருந்த வெறும் நாற்காலிக்கு எதிரே கதாநாயகன் முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறான். வாத்தியங்கள் எல்லாம் நின்றுபோய், மழை மட்டும் பெய்கிறது. அவ்வளவு பெரிய கூட்டம் மூச்சு விடாமல் கேட்டது. அந்த மழை தகரக் கூரையில் விழுந்து, பிளாஸ்டிக் வாளியில் வழிந்து, குடைத் துணியில் படபடத்தது. தையல்காரியின் கை தானாக உயர்ந்து, இல்லாத ஒரு குடைக் காம்பைப் பிடித்தது.

பிறகு அவர் செருமினார்.

இரண்டு தடவை செருமினார். "போதும்" என்றார். அதற்குள் அடுத்த காட்சி வந்துவிட்டது.

"அப்பா பேசினாருடி" என்று மகளின் கையைப் பிடித்து நசுக்கினாள்.

"எங்கம்மா? எனக்கு ஒண்ணும் கேட்கலையே. ஹீரோ தொண்டையைக் கனைச்சாரு, அதுதானே?" என்றாள் மகள். ஊருக்கெல்லாம் அப்படித்தான் கேட்டிருக்கும். முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பவன் அழுகையை அடக்கச் செருமுகிறான் என்று நினைத்திருப்பார்கள். அந்தப் 'போதும்' மழையில் பாதி கரைந்திருந்தது. முப்பது வருடம் கூடவே குடும்பம் நடத்தியவளுக்கு அது பாதியே போதுமானதாக இருந்தது.

அதன் பிறகு அவளுக்குப் பல்வலி வர ஆரம்பித்தது. மதியமானால் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு கட்டிங் மாஸ்டர் முன்னால் போய் நிற்பாள், பல் டாக்டரைப் பார்க்க வேண்டும் என்பாள், நேராகத் தியேட்டருக்குப் போவாள். "வாயில இருக்கிற அத்தனை பல்லும் தீர்ந்திருக்குமேம்மா, இன்னும் என்ன வலி?" என்று மாஸ்டர் கேட்டார். அவள் உண்மையைச் சொன்னாள். மாஸ்டர் கத்திரிக்கோலைக் கீழே வைத்தார்.

"நான் ஒண்ணு சொல்றேன், கேட்பியா? போய்க் கேட்டுட்டு வா. தினமும் வேணும்னாலும் போ. ஆனா வாயைத் திறக்காதே. பெரிய இடம். உன் வேலைக்கும் உலை, எனக்கும் தலைவலி."

மாஸ்டர் சொன்னது அவள் காதில் ஏறியது. ஒரு வாரம் வாயைத் திறக்கவில்லை. ஆனால் ஊரெல்லாம் அந்த மழைக் காட்சியைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது. டீக்கடையில் அதே பேச்சு, பேருந்தில் அதே பேச்சு. "மழையையே நடிக்க வச்சிருக்கான்யா!" என்று பக்கத்து இருக்கையில் ஒருவர் சிலாகித்தபோது அவளுக்குப் பொறுக்கவில்லை. அது நடித்த மழை இல்லை. அவர் நின்று நனைந்த மழை. ஒரே ஒரு தடவை அவர் பெயரைச் சொல்லிவிட்டால் என்ன குறைந்துவிடும்? மறுநாள் இருப்பதிலேயே நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு இயக்குநரின் அலுவலகத்துக்குப் போனாள்.

"அண்ணி!" என்று இயக்குநர் எழுந்து வந்தார். அறை குளுகுளுவென்று இருந்தது. அலமாரி நிறைய விருதுகள். டீ வரவழைத்தார், மகளைப் பற்றி விசாரித்தார். அவர் சுபாவம் அப்படி, எதிரில் இருக்கும்வரை பாசத்துக்குக் குறை இருக்காது. அவள் வந்த விஷயத்தைச் சொன்னாள். அவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு, சுவரில் இருந்த பெரிய திரையில் அந்தக் காட்சியை ஓடவிட்டார்.

"அண்ணன் மழைதான் அண்ணி. பொய் சொல்ல மாட்டேன். எடிட்டிங் முடியிற வரைக்கும் சும்மா இருக்கட்டும்னுதான் வச்சோம். படம் முடிஞ்சதும் வேற போட்டுக்கலாம்னு. எத்தனை மழை பதிவு பண்ணிப் பார்த்தோம் தெரியுமா? ஒண்ணுகூட நனைக்கல. இதையே கேட்டுக் கேட்டுக் காது பழகிப்போச்சு. அப்படியே விட்டுட்டோம்." சொல்லும்போதே அவர் கண் நிறைந்துவிட்டது. "பேர் போடுறேன். கண்டிப்பா போடுறேன்."

அவளுக்கு நெஞ்சு குளிர்ந்துவிட்டது. அதோடு எழுந்து வந்திருக்கலாம். சந்தோஷத்தில் வாய் நிற்கவில்லை. "அந்தக் கடைசி இடத்தைக் கவனிச்சீங்களா தம்பி? ரெண்டு தடவை செருமிட்டுப் போதும்னு சொல்றாரு பாருங்க. அவர்தான். அவரேதான்."

"எங்கே?" என்று அவர் மறுபடி ஓடவிட்டார். சத்தத்தைக் கூட்டினார். மூன்றாம் முறை அவருக்குக் கேட்டது. "இத்தனை நாள் எனக்குக் கேட்கவே இல்லையே" என்று முணுமுணுத்தார். மறுபடி போட்டார். தையல்காரி பூரித்துப்போய் உட்கார்ந்திருந்தாள். அவர் முகத்தை அப்போது சரியாகப் பார்த்திருக்க வேண்டும். தைத்து முடித்து ஆளுக்குப் போட்டுவிட்ட சட்டையில் தையல் கோணியிருப்பதைக் கண்டுபிடித்தவன் முகம் அது. அவள் தொழிலில் எத்தனையோ தடவை பார்த்த முகம்தான். அன்று பார்க்கத் தவறிவிட்டாள்.

சொன்னபடியே இரண்டு வாரத்தில் பெயர் வந்துவிட்டதாகத் தொலைபேசியில் சொன்னார்கள். கட்டிங் மாஸ்டர் அரை நாள் கூடத்தை மூடிவிட்டு, "நீ கெட்டிக்காரிம்மா, நான்தான் பயந்தாங்கொள்ளி" என்று அவளையும் மகளையும் தன் செலவில் படத்துக்கு அழைத்துப் போனார். மழைக் காட்சி வந்தது. அவள் மகளின் காதோரம் குனிந்து, "இப்போ பாரு, நல்லாக் கவனி" என்றாள். மழை பெய்தது. நாற்காலி இருந்தது. மழை இன்னும் பெய்தது. அடுத்த காட்சி வந்துவிட்டது.

தன் காதுதான் தப்பு செய்கிறதோ என்று ஒரு கணம் நினைத்தாள். முன்னால் ஒருவர் இருமினார், அதனால் கேட்கவில்லையோ என்று நினைத்தாள். உள்ளுக்குள் அவளுக்குத் தெரிந்துவிட்டது. படம் முடிந்து கூட்டம் வாசலுக்கு முண்டியடித்தபோது, திரையில் நன்றி சொல்லி ஓடிய வரிசையில் அவர் பெயர், முன்னெழுத்தோடு, பிழையில்லாமல் மேலேறிப் போனது. மாஸ்டர் இரண்டு விரலை வாயில் வைத்து விசிலடித்தார். "அம்மா, அப்பா பேரும்மா!" என்று மகள் துள்ளினாள். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்து இருவரும் அவளை அழவிட்டார்கள்.

மறுநாள் படத்தின் ஒலிக்காரரைத் தேடிப் போனாள். நல்ல மனிதர். அவளைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார்.

"நீங்க சொல்லிட்டுப் போன நாள்லேர்ந்து டைரக்டருக்கு அந்த சீன்ல வேற எதுவுமே கேட்கலையாம்மா. மழையே காதுல விழலையாம், அந்தச் செருமல் ஒண்ணுதான் கேட்குதாம். தூக்கம் போச்சுன்னு புலம்பினாரு. முன்னாடி இருந்த மழையிலேயே ஒரு துண்டை வெட்டி அந்த இடத்துல ஒட்டச் சொன்னாரு. ஒட்டிட்டேன். எல்லாத் தியேட்டருக்கும் புதுக் காப்பி போயாச்சு."

"பழசு இருக்கும்ல? எனக்கு அந்த ஒரு துண்டு போதும் தம்பி. வேற எதுவும் வேண்டாம்."

"கம்பெனியில பூட்டி வச்சுட்டாங்க. வெளியே ஒரு நூல்கூடப் போகக் கூடாதுன்னு வக்கீல் சொல்லியிருக்காரு. நாளைக்கு நீங்க கேஸ் போட்டா அந்தக் குரல்தானே சாட்சி?"

அவள் கேஸ் போடுவதா? ஒரு செருமலைக் கேட்டு வந்தவளை எப்படிப் பார்க்கிறார்கள் என்று நினைத்தபோது அவளுக்குச் சிரிப்புகூட வந்தது. இயக்குநரைத் தொலைபேசியில் பிடிக்கப் பார்த்தாள். வெளிநாட்டில் விருது வாங்கப் போயிருக்கிறார் என்றார்கள். கிளம்பும்போது ஒலிக்காரர்தான் வாசல்வரை வந்து தணிந்த குரலில் ஒரு வழி சொன்னார். ஊர் எல்லையில் ஒரு சின்னத் தியேட்டர் இருக்கிறது, அங்கே மட்டும் புதுசை ஏற்றாமல் இன்னும் பழைய காப்பியைத்தான் ஓட்டுகிறார்கள். வாரக் கடைசியோடு படத்தை எடுத்துவிடுவார்கள்.

வீட்டுக்கு வந்து மகளிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். "நான் வாயை வச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கணும்டி. தானா இருந்தாரு. ஊர் ஊரா, தியேட்டர் தியேட்டரா இருந்தாரு. நானே போய்க் காட்டிக் கொடுத்துட்டேன்."

மகளுக்கு இன்னும் முழு நம்பிக்கை வரவில்லை. அம்மாவுக்கு ஏக்கத்தில் அப்படிக் கேட்டிருக்கும் என்றே நினைத்தாள். ஆனாலும், "போன்ல பதிவு பண்ணிடலாம்மா. அப்புறம் எப்ப வேணும்னாலும் கேட்டுக்கலாம்" என்றாள்.

இரண்டு பேருந்து மாறிப் போனார்கள். மதியக் காட்சியில் ஆங்காங்கே சில தலைகள். மின்விசிறி ஒன்று தொல்லையாகக் கிரீச்சிட்டது. அது சுற்றாத மூலையாகப் பார்த்து, ஒலிபெருக்கிக்கு நேர் கீழே உட்கார்ந்தார்கள். மழைக் காட்சி வந்ததும் மகள் போனை உயர்த்திப் பிடித்தாள். தையல்காரி கண்ணை மூடிக்கொண்டாள். மழை, வாளி, குடை. அவர் இரண்டு தடவை செருமினார். போதும் என்றார். கண்ணைத் திறந்தபோது தோளுக்குப் பின்னால் டார்ச் வெளிச்சம் இருந்தது. கையும் களவுமாகப் பிடிபட்டார்கள்.

மேனேஜரின் அறையில் சுருட்டிய போஸ்டர்களும் காலி சோடா பாட்டில் பெட்டிகளும் அடைந்திருந்தன. அவர் கெட்டவர் இல்லை, சலித்துப்போனவர். "தியேட்டர்ல படத்தைத் திருடி நெட்ல விடுறது நீங்கதானா? பார்த்தா குடும்பப் பொம்பளைங்க மாதிரி இருக்கீங்க" என்றபடி போனை வாங்கி, என்ன எடுத்திருக்கிறார்கள் என்று பார்க்கப் பதிவை ஓடவிட்டார். அந்தச் சின்ன அறையில், மின்விசிறிகூட இல்லாத அமைதியில், போனிலிருந்து மழை பெய்தது. செருமல் கேட்டது. போதும்.

மகள் துள்ளி எழுந்துவிட்டாள். "அம்மா! அப்பா! அப்பாம்மா!"

அவளுக்கு அப்போதுதான் கேட்டது. அசைந்துகொண்டே இருந்த வாய்க்குச் சத்தம் வந்துவிட்டது. மேனேஜரின் கையைப் பிடித்துக்கொண்டு, "சார், இது எங்கப்பா குரல் சார். அவர் செத்துட்டாரு சார். மழையே அவர் எடுத்ததுதான்" என்று கதறினாள்.

மேனேஜர் இன்னொரு தடவை போட்டுக் கேட்டார். அந்த அளவு இரக்கம் அவருக்கு இருந்தது. "ஹீரோ செருமுறாரு. இதுல உங்க அப்பா எங்கேயிருந்து வந்தாரு?"

"கடைசியில பேர் போட்டிருக்காங்க சார், நன்றின்னு. நானே பார்த்தேன். ஓடவிட்டுப் பாருங்க!" என்று மகள் பெயரைச் சொன்னாள்.

"எத்தனை வாரமா இந்தப் படத்தை ஓட்டுறேன். கடைசிப் பேர் வரைக்கும் எனக்கு மனப்பாடம்மா. அப்படி ஒரு பேர் இதுல இல்ல."

அவர் சொன்னது பொய் இல்லை. பெயர் புதுக் காப்பியில் இருந்தது, குரல் பழைய காப்பியில் இருந்தது. இரண்டும் ஒன்றாக இருந்த காப்பி ஒன்று உலகத்தில் எங்கும் இல்லை. இதை அந்த மனிதருக்கு எங்கே தொடங்கி எப்படிச் சொல்லிப் புரியவைப்பது? மேனேஜர் பதிவை அழித்தார். அழித்தவை போய்ச் சேரும் இடம் ஒன்று போனுக்குள் இருக்குமே, அது அவருக்குத் தெரிந்திருந்தது. அதற்குள்ளும் போய் அழித்தார். மகள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். இத்தனை நாள் கேட்காதது ஒரு நிமிடம் கேட்டு, கேட்ட கையோடு போய்விட்டது.

"போலீஸுக்குச் சொன்னா என்ன ஆகும் தெரியுமா? பொம்பளைங்களாச்சேன்னு விடுறேன். மன்னிப்புக் கேட்டுட்டுப் போங்க."

"மன்னிச்சிடுங்க சார். இனிமே செய்ய மாட்டோம்" என்றாள் தையல்காரி. மகளை அக்குளில் கைகொடுத்துத் தூக்கி நிறுத்தினாள். அழுத பிள்ளையைப் பார்த்து மேனேஜருக்கு மனம் இளகிவிட்டது. போனைத் திருப்பிக் கொடுத்து, நாற்காலியிலிருந்து எழுந்து, கதவைத் திறந்துவிட்டபடி புத்திமதி சொன்னார்.

"ஒரு படம் எடுக்கிறவங்க வெயில், மழைன்னு பார்க்காம எவ்வளவு கஷ்டப்பட்டு எடுக்கிறாங்க, உங்களுக்குத் தெரியுமாம்மா?"

"தெரியும் சார்" என்றாள்.